கெடு யாருக்காகக் காத்திருக்கும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலிஎல அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். ஒன்பது வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மூன்று காகிதங்கள். ஒன்று, தோட்டத்தில் பதினொரு வருடம் கொழுந்து பறித்ததற்கான சேமலாப நிதிப் பத்திரம். இரண்டாவது, அப்பா அவர் பேருக்கு எழுதி வைத்த பதினைந்து பேர்ச்சஸ் காணியின் உறுதி. மூன்றாவது, செக்ரோலில் இருந்து பேர் வெட்டப்பட்டதாகத் தோட்ட நிர்வாகம் எழுதிய ஒரு துண்டுக் கடிதம்.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் நாட்டுல இல்லாத காலத்தைக் கணக்குல எடுக்க மாட்டாங்க தானே?"

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. பதுளை, பசறை, லுணுகலை, தெமோதர, பண்டாரவளை என்று ஊவாவின் தோட்டங்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத லயம் இன்று அரிது. "வெளிநாட்டில் இருந்தால் சட்டம் காத்திருக்கும்" என்று சிலர் நம்புகிறார்கள். "போனவருக்கு ஒரு உரிமையும் இல்லை" என்று வேறு சிலர் கைகழுவி விடுகிறார்கள். இரண்டுமே தவறு. சில கதவுகளில் சட்டம் காத்திருக்கும், சில கதவுகளில் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. எந்தக் கதவு எது என்று தெரியாமல் போனதால்தான் நம் மக்கள் பலர் இழந்திருக்கிறார்கள். அதனால் இந்த இதழின் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் காணியை எடுத்துக்கொள்வோம்.

இலங்கையில் காணி, கடன், ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு வழக்குப் போடும் கெடுவைச் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேறொருவர் உங்கள் காணியை உங்கள் உரிமைக்கு எதிராக, தடையில்லாமல், பத்து வருடம் ஆண்டுவந்தால் அந்தக் காணி அவருக்கே சொந்தம் என்று அவர் நீதிமன்றத்தில் கேட்கலாம். உங்கள் கையில் உறுதி இருந்தாலும் கேட்கலாம்.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு விதிவிலக்குத் தருகிறது. காணி பறிபோய், வழக்குப் போடும் உரிமை பிறக்கிற அந்த நேரத்தில் உரிமையாளர் சிறுபிள்ளையாக இருந்தாலோ, மனநலம் குன்றியவராக இருந்தாலோ, கடல் கடந்து இருந்தாலோ அந்தப் பத்து வருடக் கணக்குத் தொடங்காது. அவர் திரும்பி வந்த பிறகே தொடங்கும். "கடல் கடந்து" என்ற வாசகம் இங்கிலாந்தின் 1623ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வந்தது. அன்று கப்பலேறிப் போன வெள்ளைக்கார வியாபாரிக்கும் அதிகாரிக்கும் உதவிய அந்த வார்த்தை, இன்று ஜித்தாவிலும் டோஹாவிலும் வீட்டு வேலை செய்கிற நம் சகோதரிக்கும் உதவும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சகோதரி மாட்டிக்கொண்டது அதில்தான்.

அவர் முதல் ஒப்பந்தத்தில் போயிருந்தபோது பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் இவர் வெளிநாட்டில் இருந்ததால் கணக்குத் தொடங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து லீவில் ஒன்றரை மாதம் வந்தார். வேலியைப் பார்த்தார். சண்டை வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் விமானம் ஏறிவிட்டார். அடுத்த ஏழு வருடமும் தான் கடல் கடந்து இருப்பதால் கணக்கு நிற்கிறது என்று நம்பியிருந்தார்.

கணக்கு நிற்கவில்லை. அவர் லீவில் வந்து இறங்கியதோடு சட்டம் சொல்லும் தடை நீங்கிவிட்டது. ஒருமுறை ஓடத் தொடங்கிய கடிகாரம், ஆள் மறுபடி கப்பலேறினாலும் விமானம் ஏறினாலும் நிற்காது என்பதே அந்தப் பிரிவின் நேர்ப்பொருள். பத்தில் ஏழு போய்விட்டது. மூன்று மிச்சம். அவர் இன்னும் ஒரு ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்திருந்தால் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதே காரணத்தால், நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒருவர் காணியைப் பிடித்து, அதற்குப் பிறகு நீங்கள் வெளிநாடு போனால் உங்களுக்குச் சலுகை கிடையாது. கடிகாரம் நீங்கள் இங்கே இருக்கும்போதே ஓடத் தொடங்கிவிட்டது.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒருவர் தடையில்லாமல் முப்பது வருடம் ஆண்டுவிட்டால், உரிமையாளர் கடல் கடந்து இருந்தார் என்ற காரணமும் செல்லாது. இந்தியாவுக்குப் போய்விட்ட உறவினர் விட்டுச்சென்ற காணியைப் பற்றிக் கேட்டு வருபவர்களுக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான்.

கூடப்பிறந்தவர்களுக்குள் வரும் தகராறு வேறு மாதிரி. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் தம்பி குடியிருக்கிறார், அக்கா வெளிநாட்டில் இருக்கிறார் என்றால், தம்பி இருப்பது அக்காவுக்கும் சேர்த்துத்தான் என்றே சட்டம் முதலில் கருதும். கொரேயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி என்ற இலங்கை வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1911இல் இதைத் தீர்த்துச் சொன்னது. கூட்டு உரிமையாளர் ஒருவர் மனதுக்குள் "இனி இது எனக்கு மட்டும்" என்று நினைத்துக்கொள்வதால் மற்றவர் பங்கு போகாது. மற்றவரை வெளிப்படையாக ஒதுக்கி வைத்ததைக் காட்ட வேண்டும். ஆனால் மிக நீண்ட காலம் யாரும் கேட்காமல் இருந்தால், அப்படி ஒதுக்கி வைத்ததாகவே ஊகிக்கலாம் என்று பின்னால் வந்த தீர்ப்புகளும் உண்டு. அதனால் தம்பி தானே என்று வருடக்கணக்கில் வாய்திறக்காமல் இருப்பது நல்லதல்ல.

லயக் காம்பராவையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசுக்கு எதிராக இந்தப் பத்து வருட உரிமை செல்லாது. நாலு தலைமுறை இருந்தாலும் லயம் இந்தச் சட்டத்தால் நமதாகாது. அதற்கான போராட்டம் காணி உறுதிக்கான போராட்டம். அது தனியாக நடக்கிறது.

அடுத்து கடனும் கூலியும்.

கூலிப் பாக்கிக்கு இந்தச் சட்டம் தரும் கெடு ஒரே ஒரு வருடம். வாய்ப்பேச்சில் கொடுத்த கடனுக்கு மூன்று வருடம். எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஆறு வருடம். பணம் கிடைக்கவேண்டிய நாளில் நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் இவற்றுக்கும் அதைப் போன்ற சலுகை உண்டு. ஆனால் புறப்படுவதற்கு முன்பே கிடைக்கவேண்டியிருந்த கடைசி மாதச் சம்பளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று வாய்ச்சொல்லில் பணம் வாங்கிய தரகரிடம் கொடுத்த காசும் அப்படித்தான். துண்டுக் காகிதத்தில் ஒரு கையெழுத்து வாங்கினால் மூன்று வருடம் ஆறாகிறது. அந்தக் கையெழுத்தைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை.

மூன்றாவது வேலை. இங்கேதான் கதவு சட்டென்று மூடிக்கொள்கிறது.

வேலையில் இருந்து அநியாயமாக நீக்கினால், லேபர் ட்ரிபியூனல் என்று நாம் சொல்லும் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் கடல் கடந்தவர் சலுகை இங்கே இல்லை. அந்தச் சகோதரியிடம் "ரெண்டு வருசம் போயிட்டு வாங்க, பேர் இருக்கும்" என்று வாயால் சொன்னார்களாம். எழுத்தில் ஒன்றும் இல்லை. மூன்றே மாதத்தில் பேரை வெட்டிவிட்டார்கள். அவருக்கு அது தெரிந்தது லீவில் வந்தபோது. அதற்குள் ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது.

அப்படியானால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. ஐந்து வருடம் முழுமையாக வேலை செய்தவர் தானே விலகினாலும் நீக்கப்பட்டாலும் அவருக்குப் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நாட்சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். முதலாளி அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் மேலதிகமாகவும் கட்ட வேண்டும். அந்தச் சகோதரிக்குப் பதினொரு வருடச் சேவை இருக்கிறது. அவர் பேரில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். சேமலாப நிதியில் தொழிலாளி கட்டிய 8 வீதமும் முதலாளி கட்டிய 12 வீதமும் அவர் வெளிநாடு போனார் என்பதற்காக அழிந்துபோவதில்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம்.

ஆனாலும் அவர் வேலை போனதுதான். அதில் நம் பங்கும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, தொழிலாளி தானே வந்துதான் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை. அவர் அங்கத்தவராக உள்ள தொழிற்சங்கம் அவருக்காக விண்ணப்பிக்கலாம். அவர் குவைத்தில் இருந்தபடியே இங்கே வழக்கைத் தொடங்கியிருக்கலாம். ஏன் நடக்கவில்லை? நம் சந்தா செக்ரோலில் வெட்டப்படும் சந்தா. பேர் செக்ரோலில் இருந்து போனதும் சந்தாவும் நின்றது, அங்கத்துவமும் நின்றது. தோட்டத் தலைவருக்கு விஷயம் தெரியும், ஆனால் அவரும் "அதுதான் வெளிநாடு போயிட்டாங்களே" என்று விட்டுவிட்டார். நிர்வாகம் பேரை வெட்டிய அதே நாளில் நாமும் வெட்டிவிட்டோம்.

இந்தப் பாடம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. நாட்டில் இல்லாத காலத்தைக் கணக்கில் வைத்து நம்மை வெட்டிய சட்டத்தை நம் தாத்தா பாட்டிகள் அனுபவித்திருக்கிறார்கள்.

1948இல் நம் பிரஜாவுரிமை பறிபோன பிறகு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் கல்யாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகிவிடும். திருச்சிப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் ஊருக்குப் போய், ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று நாள் தள்ளிப்போனவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு மாதம் பெரிய வேலியாக நின்றது. விண்ணப்பிக்கவும் ஒரு கெடு இருந்தது: 1951 ஆகஸ்ட் 5. சட்டத்தைப் பகிஷ்கரிப்பதா, விண்ணப்பிப்பதா என்ற குழப்பத்தில் காலம் போய், கடைசி மாதங்களில்தான் பெருங்கூட்டம் விண்ணப்பித்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவானவர்கள் ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. மிஞ்சியவர்களைத்தான் 1964 அக்டோபர் 30ஆம் திகதிய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அங்கே இத்தனை, இங்கே இத்தனை என்று பங்கு போட்டது.

சட்டம் கண் திறந்ததும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. ஆனால் யுத்தத்தால் தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடியவர்கள் நாட்டில் இல்லாததால் அதற்குள் அடங்கவில்லை. 2009இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி அவர்களையும் சேர்த்தார்கள். விரும்பி ஓடவில்லை, ஆகவே அந்த இல்லாமை அவர்கள் குற்றம் அல்ல என்பதே அதன் பொருள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டமும் அப்படிப்பட்டதுதான். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பயங்கரவாதச் செயல்களால் தங்கள் காணி உரிமையைக் கேட்க முடியாமல் இருந்தவர்களுக்காக அது கொண்டுவரப்பட்டது.

ஆகவே நாம் கேட்பது புதுமையானதல்ல. வறுமையால் வெளிநாடு போகும் தொழிலாளியும் விளையாட்டுக்குப் போகவில்லை. தொழில் நியாய சபையின் ஆறு மாதக் கெடு, வேலை நீக்கப்பட்ட நேரத்தில் வெளிநாட்டில் இருப்பவருக்கு அவர் திரும்பிய நாளில் இருந்து தொடங்க வேண்டும். 1871இல் காணிக்காரருக்குக் கொடுத்த சலுகையை இன்றைய தொழிலாளிக்குக் கொடுக்க என்ன தடை? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுமுன் நடத்தும் பயிற்சியில் இந்தக் கெடுகளைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வோஷிங் மெஷினை இயக்கக் கற்றுக்கொடுப்பதைப் போல, தன் காணியையும் சேவைப் பணத்தையும் காப்பாற்றவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை நாம் செய்யவேண்டியவை இவை.

புறப்படுமுன் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். லீவு என்றால் லீவு, விலகல் என்றால் விலகல். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விலகுவதானால் பணிக்கொடையையும் அப்போதே கேளுங்கள்.

காணி இருந்தால், பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் "உங்கள் சார்பாக, உங்கள் அனுமதியோடு இருக்கிறேன்" என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அனுமதியோடு இருப்பவர் எதிராக ஆள்பவர் ஆக மாட்டார். இந்த ஒரு கடிதம் பத்து வருடச் சண்டையைத் தடுக்கும்.

நம்பிக்கையான ஒருவருக்கு நொத்தாரிசு முன்னிலையில் அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ஏற்கனவே போய்விட்டவர்கள் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். ஆனால் விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். வழக்குப் பேசவும் முறைப்பாடு கொடுக்கவும் மட்டும் எழுதினால் போதும்.

லீவில் வந்தால் முதல் வாரமே காணியைப் போய்ப் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், சட்டத்தரணியைப் பாருங்கள், பிறகு விமானம் ஏறுங்கள். நீங்கள் வந்து இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள்.

வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்யுங்கள். பிரஜாவுரிமைச் சட்டம் வைத்திருக்கும் கெடு அதுதான். தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் மேலும் காலம் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். பிரஜாவுரிமை இல்லாமல் இருப்பது எப்படி என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும்.

இனி சங்கம் செய்யவேண்டியது. வெளிநாடு போகும் அங்கத்தவரின் சந்தாவை வீட்டில் இருப்பவரிடம் நேரடியாக வாங்கி, அங்கத்துவத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கொப்பி போட்டு, யார் எப்போது போனார், எந்த நாடு, வீட்டில் யாரிடம் பேசலாம், செக்ரோலில் பேர் இருக்கிறதா என்று எழுதி வைக்க வேண்டும். பேர் வெட்டப்பட்டது தெரிந்த அதே வாரம் எங்களுக்குத் தகவல் வர வேண்டும். இதை அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எல்லாத் தலைவர்களும், முக்கியமாக மாதர் அணித் தலைவிகளும், அந்தக் கொப்பியோடு வர வேண்டும்.

அந்தச் சகோதரியின் காணிக் காகிதங்கள் இப்போது பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் இருக்கின்றன. காணிப் பதிவகத்தில் பிரதிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மூன்று வருடம் மிச்சம் இருக்கிறதே என்று உட்காராமல் இந்த மாதமே வழக்குத் தாக்கலாகும். போகும்போது அவர் சொன்னார்: "லீவுல வந்தப்பவே இங்க வந்திருக்கணும்."

இந்த இதழைப் படித்து முடித்ததும் வீட்டில் வெளிநாடு போனவர் யாராவது இருந்தால் இன்று இரவே போனில் சொல்லுங்கள். அவர் பைக்குள்ளும் இப்படி ஒரு காகிதம் இருக்கலாம்.